சீஸ் துருவிக்குள் ஒரு விளக்கு

ஜூலியா போட்ட கத்தல் கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

இறந்தோர் திருநாளுக்கு முந்தின பின்னேரம். அந்த நாட்களில் பலெர்மோவில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்கிற சின்யோராவின் வீட்டு விறாந்தையில், போன வசந்தத்தில் காலமான அவருடைய தகப்பனாரின் படத்துக்கு முன்னால், என் கணவர் செய்த விளக்கை வைத்து மெழுகுதிரியைக் கொளுத்தினேன். வெளிச்சம் சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

சின்யோரா குசினியில் கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ஜூலியா, ஆறு வயதுக்காரி, ஓடி வந்து வாசலில் நின்றாள். விளக்கைப் பார்த்தாள். தாத்தாவின் படத்தைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

"துருவி! நொன்னோ துருவியோட வந்திட்டார்!"

நொன்னோ என்றால் தாத்தா. அலறிக்கொண்டு தன் அறைக்குள் ஓடிப்போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். நான் கையில் எரிந்த தீக்குச்சியோடு நின்றேன். என்ன பிழை செய்தேன் என்று கடவுளாணை எனக்கு விளங்கவில்லை.

விளங்காவிட்டாலும் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்த வீட்டில் என் வேலை இருக்குமா, போகுமா என்று சின்யோரா இந்தத் திருநாள் முடியச் சொல்வதாக இருந்தார். பெரியவரைப் பார்ப்பதற்கென்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பெரியவர் போய்விட்டார். தை மாதத்தோடு என் பெர்மெஸ்ஸோவும் முடிகிறது. வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருப்பதற்கான அந்த அனுமதி அட்டையைப் புதுப்பிக்க ஏலாது. மூன்று மாதமாக நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

நல்ல பேர் வாங்கப் போன இடத்தில் பிள்ளையைக் கத்த வைத்துவிட்டேன்.

இவருடைய வியாதி

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் மனிசனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். போன வாரம் இதே பத்தியில், பெர்மெஸ்ஸோ கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் நான் வரிசையில் நின்ற கதையை எழுதினேன் அல்லவா, அதைப் படித்த ஒரு அக்கா கோயில் வாசலில் வைத்து முகத்துக்கு நேரே கேட்டார்.

"ஏன் பிலோமினா, உம்மட மனிசன் இத்தாலிக்கு வரேல்லையோ? ஒரு வரி கூட இல்லை!"

வந்தவர்தான். எனக்கு முன்னமே வந்தவர். பேர் அருளப்பு. பொலிதேயாமாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி பானை கழுவுகிறார். ஆள் வாய் திறக்கிறது குறைவு. அந்தக் குறையை நான் நிரப்பிக்கொள்கிறேன்.

இவருக்கு ஒரு வியாதி. குசினிச் சாமான் எதையும் குப்பைக்குப் போக விடமாட்டார். கடையில் பிடி கழன்ற சட்டி, நெளிந்த கரண்டி, ஓட்டையான வடி, எதை எறிந்தாலும் அது பையில் ஏறிப் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேரும். கால் வைக்க இடமில்லை என்று நான் குதித்தால், "இஞ்சேரும், எறியாதையும். இதுக்கு இன்னும் சீவன் கிடக்கு" என்பார். சட்டிக்குச் சீவனாம்!

முதலில் எனக்குச் சரியான விசர் வரும். பொய் சொல்லவில்லை, இரண்டு தரம் நானே இரகசியமாகக் கொண்டுபோய் எறிந்திருக்கிறேன். இரண்டு தரமும் வேலையால் வருகிற வழியில் அவரே அதைக் கண்டெடுத்துத் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார். யார் எறிந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருக்கலாம்.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். நான் இத்தாலிக்கு வந்து முதன்முதலில் அவித்த இடியப்பம், உருளைக்கிழங்கு மசிக்கிற கருவியில் பிழிந்தது. இத்தாலியர் நியோக்கி செய்ய வைத்திருப்பார்களே, இரண்டு கைப்பிடி வைத்த இரும்புச் சாமான், அது. அதன் ஓட்டை பெரிசு. மாவு புழுப்போல வரும். இவர் ஒரு பழைய எவர்சில்வர் மூடியை வட்டமாக வெட்டி, நுண்ணிய ஓட்டை போட்டு, அடியில் பொருத்தினார். இடியப்பம் நூல் நூலாக இறங்கியது. அதை அவித்ததும் ஊர் நீத்துப்பெட்டியில் இல்லை. குஸ்குஸ் அவிக்கிற பானையின் மேல்தட்டில். கீழ்ப்பானை ஓட்டை என்று யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போன சாமான். மேல்தட்டுக்கு என்ன குறை? அது எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையின் வாயில் அளவெடுத்ததுபோல இருந்தது.

வாயில் வைத்தபோது எனக்கு மன்னாரும் மறந்தது, இத்தாலியும் மறந்தது. "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொன்னால் ஆளைப் பிடிக்க ஏலாது.

கொப்பளிப்பான் விளக்கு

எல்லாமே சரிவந்தது என்று நினைக்காதீர்கள்.

பாஸ்தா வடிக்கிற பெரிய அலுமினிய வடியைக் கவிழ்த்து, மின்குமிழுக்கு மூடியாகத் தொங்கவிட்டார். அழகுதான். ஆனால் அன்றைக்குச் செபமாலை சொல்ல வந்த சனம் முழுக்க முகத்தில் புள்ளி புள்ளியாக, கொப்பளிப்பான் வந்த ஆட்கள்போல இருந்து செபித்தது. நான் மூன்றாம் காரணிக்கத்தில் சிரித்துவிட்டேன். அதற்காகப் பிறகு பாவசங்கீர்த்தனமும் செய்தேன். பொரிக்கிற சட்டியில் செய்த சுவர் மணிக்கூடு ஒரு கிழமை ஓடியது, பிறகு ஆணியோடு விழுந்தது.

மற்றதெல்லாம் இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது. பிடி உடைந்த மொக்காக் கோப்பிக் கேத்தலின் மேல்பாதிக்கு வாய் இருக்கிறது பாருங்கள், அதற்குக் கம்பியால் பிடி கட்டினார்; பல்கனியில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடுவது அதால்தான். கறிவேப்பிலை நிற்பது ஒலிவ் எண்ணெய்த் தகரத்தில். முள்ளுக்கரண்டிகளை வளைத்துச் சுவரில் அடித்தார். திறப்பு, குடை, என்னுடைய கைப்பை எல்லாம் அதில் தொங்கும். சட்டி மூடியின் குமிழ் சுடுகிறது என்று ஒருநாள் நான் கையை உதறினேன். அடுத்த நாள் வீட்டில் இருந்த எல்லா மூடியிலும் குமிழுக்குக் கீழே வைன் போத்தல் தக்கை செருகியிருந்தது. இப்போது துணி தேடாமல் மூடியைத் தூக்கலாம். இவ்வளவு சின்ன விசயம், ஏன் என் தலைக்கு வரவில்லை?

கோப்பை அடுக்கிற கம்பித் தட்டில் எங்கள் பத்திரங்கள் நிற்கின்றன. கோப்பை நிற்கிற இடத்தில் ஒவ்வொரு கோப்பாக: பாஸ்போட், வீட்டு வாடகைப் பத்திரம், சம்பளத் துண்டு, பெர்மெஸ்ஸோ. குவெஸ்தூராவில் எந்தத் தாளைக் கேட்டாலும் நான் முழிக்காமல் எடுத்து நீட்டுவது அந்தத் தட்டால்தான். சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் தோடம்பழம் பிடுங்குகிற காலத்திலேயே இவர் இப்படித்தான். பெரிய தக்காளித் தகரத்தில் ஓட்டை போட்டு, காய்ந்த கொப்புகளை உள்ளே எரித்து, எல்லாருடைய சாப்பாட்டையும் சூடாக்கிக் கொடுப்பாராம். கூட வேலை செய்தவர்கள் இப்போதும் கண்டால் அந்த அடுப்பைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

இந்த விளக்குக்கு முன்னம் கடைசியாகச் செய்தது கீழ்வீட்டு மொரிசியஸ் தமிழ்ப் பெண்ணுக்கு. கேக் வார்க்கிற பன்னிரண்டு குழித் தட்டு, அடி கருகிப்போனது. அதை மினுக்கி, ஒவ்வொரு குழியிலும் திரி வைத்துத் தீபாவளிக்குக் கொடுத்தார். அவ அதை வாசலில் ஏற்றி வைத்தபோது மாடிப்படி முழுக்க ஒளி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பெரியவரின் துருவி

சின்யோரா பொலிதேயாமாவில் கந்தோர் வைத்திருக்கிற வழக்கறிஞர். தகப்பன் செத்த பிறகு, வெயில் காலம் முடிய, குசினி அலுமாரியை வெளியாக்கினார். பழைய சாமான் ஒரு பெட்டி நிறைய. "கீழே குப்பைத்தொட்டிப் பக்கத்தில் வைத்துவிடு பிலோமினா. வேண்டுமென்றால் நீ எடுத்துக்கொள்" என்றார். எங்கள் வீட்டில் எறிகிற பேச்சுக்கே இடமில்லை. பெட்டி அப்படியே பஸ் ஏறியது.

பெட்டிக்குள் இருந்தது பெரியவரின் சீஸ் துருவி. நாலு பக்கமும் பல் வைத்து, மேலே பிடி வைத்து, பெட்டிபோல நிற்கிற சாமான். கை நடுங்குகிற காலத்திலும் தன் கோப்பைக்குத் தானேதான் சீஸ் துருவுவார். நான் உதவிக்குப் போனால் என் விரலில் மெதுவாக ஒரு தட்டு. பாதி மேசையில் கொட்டும். கொட்டியதை விரலால் ஒற்றி எடுத்து எனக்கும் ஒரு துளி தருவார். நாலு வருசம் அப்படி.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. ஒவ்வொரு வருசமும் இறந்தோர் திருநாள் லீவு முடிந்து நான் வேலைக்குப் போனால் அந்தத் துருவியைக் காணாது. ஒரு தரம் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தது. ஒரு தரம் உடுப்புத் தோய்க்கிற மிசினுக்குள்! பெரியவருக்கு வயதுபோன மறதி, அறளை பெயரத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். மகளுக்குச் சொன்னால் மனம் நோகும் என்று சொல்லாமல் எடுத்து வைத்துவிடுவேன். அந்த இரக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

நாலு பின்னேரம்

"இதில ஒரு விளக்குச் செய்து தாங்கோ" என்று கேட்டேன். "கல்லறைத் திருநாளுக்குப் பெரியவற்றை படத்துக்கு முன்னாலை ஏத்தி வைப்பம்."

எங்கள் வழக்கம் அதுதானே. மன்னாரில் அன்றைக்குக் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றாத வீடு இல்லை. பெரியவரில் எனக்கு உண்மையான பட்சம் இருந்தது. அதோடு, மறைப்பானேன், சின்யோராவின் மனம் இளகி ஒப்பந்தத்தை நீட்டிவிடுவார் என்ற நப்பாசையும் இருந்தது. இரண்டும் ஒரே மெழுகுதிரியில்.

ஒரு மணித்தியால வேலை என்று நினைத்தேன். இவர் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் துருவைத் தேய்த்தார். உடைந்த, மரக்கறி வெட்டுகிற பலகையை அறுத்து அடித்தட்டு வைத்தார். அதற்குப் பிறகும் பல்கனியில் நாலு பின்னேரம் அதோடேயே இருந்தார்.

"என்னப்பா, தேர் செய்யிறியளோ? ஒரு திரி வைக்கிற சாமானுக்கு இவ்வளவு நாளோ?"

"பொறும். முடியேல்லை."

கடைசியில் முடித்துத் தந்தார். லீவு நாளானாலும் இரண்டு பேருமாகக் கொண்டுபோனோம். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

சப்பாத்துப் போட்டு வந்த பிள்ளை

கத்தலைக் கேட்டு சின்யோரா ஓடி வந்தார். விளக்கைக் கண்டதும் அவர் முகமும் மாறியது. அவர்கள் இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"நாலு வருசம் இந்த வீட்டில் இருந்தாய். இது கூடவா தெரியாது?"

அப்போதுதான் சொன்னார். இந்த ஊரில் இன்றைக்கு இரவு செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். நல்ல பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் சீனிப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்களாம். குழப்படிப் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருக்கிற துருவியை எடுத்துப் பாதத்தைத் துருவிவிடுவார்களாம்! அதனால்தான் துருவியை ஒளித்து வைப்பது. பெரியவர் வருசா வருசம் பேத்தியோடு சேர்ந்து ஒளித்தார். அறளையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் நான் எப்போதும் லீவு. அதனால் ஒரு தரமும் பார்க்கவில்லை.

"இன்று காலையும் கேட்டாள், அம்மா, துருவியை எங்கே ஒளிப்பது என்று. அது வீட்டிலேயே இல்லை, பயப்படாதே என்று சொன்னேன். நீ அதைக் கொண்டுவந்து, என் அப்பாவின் படத்துக்கு முன்னால், நெருப்பும் வைத்து..." வாசல் கதவைக் காட்டினார். "போ பிலோமினா. லீவு முடிந்தும் உடனே வராதே. பிறகும்... எனக்குத் தெரியாது. இப்போது போ."

இவரைத் திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணவில்லை. விளக்கையும் காணவில்லை.

ஜூலியாவின் அறைக் கதவைத் திறந்து, வாசல்படியில் நிலத்தில் இருந்தார். திரியை அணைத்து எடுத்துவிட்டார். பிள்ளை கட்டிலில் காலை மடக்கிப் போர்வைக்குள் இறுக்கிக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தாள்.

இவர் விளக்கை மடியில் வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். அதில் குதிப்பக்கம் ஓட்டை. எனக்கு மானம் போய்விட்டது. நாள் முழுக்க ஈரத்தில் நின்று வெடித்த குதிக்காலைத் துருவியில் வைத்துக் கரகரவென்று தேய்த்தார்.

"நியென்தே" என்றார். ஒன்றுமில்லை. இவருடைய இத்தாலியன் அவ்வளவுதான். பிறகு கன்னத்தை வைத்துத் தேய்த்தார். "நியென்தே."

பிள்ளை போர்வைக்குள்ளால் எட்டிப் பார்த்தாள். "உங்கட தோல் தடிப்பு" என்றாள். சரியான வழக்கறிஞரின் மகள்!

பிறகு கட்டிலால் இறங்கி, முதல் வேலையாக மழைச் சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டினாள். தொப்புத் தொப்பென்று எங்களைத் தாண்டிக் குசினிக்குப் போய், பிரிஜ்ஜைத் திறந்து, ஒரு பெரிய சீஸ் கட்டியோடு வந்தாள். அதைத் துருவியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தாள். ஒரு துளி விழவில்லை. மற்றப் பக்கம் திருப்பினாள். தேய்த்தாள். நாலு பக்கமும் தேய்த்தாள். சீஸ் மினுங்கியதே தவிர ஒரு துகள் இல்லை.

நானும் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பல், ஒவ்வொன்றாக, உள்ளேயும் வெளியேயும் அரத்தால் அராவி மழமழவென்று விட்டிருந்தார். நாலு பின்னேரமும் அதுதான் நடந்திருக்கிறது.

"துருவேல்லை அம்மா! துருவேல்லை!" பிள்ளை துள்ளினாள். பிறகு இவரைப் பார்த்துக் கேட்டாள், "ஆர் இப்பிடிச் செய்தது?"

இவர் தலையை ஆட்டி விறாந்தைப் பக்கம் காட்டினார். "நொன்னோ" என்றார்.

எனக்கு வந்த கோபம்! ஆனால் ஜூலியாவின் முகத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அவள் மழைச் சப்பாத்தைக் கழற்றினாள். வெறும் பாதத்தைத் தூக்கித் துருவியின் மேல் வைத்தாள். கூசியிருக்கவேண்டும், கிளுக்கென்று சிரித்தாள்.

சின்யோரா அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். மரண வீட்டில் கூட நான் அவர் அழுததைக் காணவில்லை. அன்றைக்குத்தான் அழுதார், மூக்கு வழிய, ஒரு பிள்ளையைப்போல. "பார்க்க முடியவில்லை என்றுதான் அதை எறிந்தேன்" என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் அவர் துருவுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது."

நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். வேலைக்காகப் பாதி, பெரியவருக்காகப் பாதி.

போகும்போது கதவடியில் சின்யோரா என் கையைப் பிடித்தார். "நாளைக்குக் கல்லறைக்குப் போகிறோம். நீங்களும் வாருங்கள். திங்கட்கிழமை பெர்மெஸ்ஸோத் தாள்களைக் கொண்டு வா. ஜூலியா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆள் வேண்டும்தானே." விளக்கு திரும்பவும் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. ஏற்றியது ஜூலியா.

வீட்டுக்குப் போகிற வழியில்

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சாயம் பூசின சீனிப் பொம்மைகள் வரிசையாக நின்றன. எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. பாரம் இறங்கினால் எனக்கு வாய் வந்துவிடும்.

"நாலு பின்னேரம் முதுகு உடைஞ்சது உங்களுக்கு. பேர் செத்த மனிசனுக்கோ?"

சிரித்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இந்தக் கால் துருவிற கதை உங்களுக்கு முதலே தெரியும், என்ன? கடையில ஆரும் சொன்னவையோ?"

"எனக்கெங்கை தெரியும்? இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

"அப்ப என்னத்துக்குப் பல்லு முழுக்க அராவினனீங்கள்? பிள்ளைக்காகவோ?"

"பிள்ளை அதைத் தொடுமெண்டு நான் நினைக்கவே இல்லை."

"பிறகு?"

நடந்துகொண்டே சொன்னார், பெரிய விசயம் ஒன்றும் இல்லாததுபோல.

"அங்கை தூசி துடைக்கிறது நீர்தானே. ஒவ்வொரு நாளும் துணியைப் போட்டுத் துடைப்பீர். கை வெட்டுப்படும்."

நான் நின்றுவிட்டேன். அந்த நாலு பின்னேரமும் நான் உள்ளே இருந்து, வேலை போனால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிசன் பல்கனியில் இருந்து, நான் அந்த வீட்டில் இனித் துடைக்கப்போகிற நாட்களுக்காகப் பல் பல்லாக அராவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு அங்கை வேலை இருக்குமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீர் இல்லாட்டி ஆர் துடைக்கிறது?" என்றார். அதில் என்ன கேள்வி இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

சனம் போய் வருகிற அந்தத் தெருவில், கலியாணம் முடித்த நாளிலிருந்து செய்யாத வேலையாக, நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும் மட்டும் விடவில்லை.